பழைய காலத்து ஐஸ்லாந்துல ராஜாவே இல்லையாமே, அப்போ ‘கோதி’ங்கறது யாரு? யார்ல் மாதிரியா?

இல்லங்க, யார்ல் வேற, கோதி வேற. நார்வேல யார்ல்னா ராஜாவுக்கு அடுத்த இடம். ஐஸ்லாந்துல 930லேருந்து 1262 வரைக்கும் ராஜாவே கிடையாது, கோதிங்கற உள்ளூர் தலைவருங்க தான் வருஷா வருஷம் ஆல்திங்ங்கற நாட்டு சபைல கூடி சட்டம் போடுவாங்க, நீதிபதிகளையும் அவங்களே நியமிப்பாங்க. செம விஷயம் என்னன்னா அந்தப் பதவிய விக்கலாம், பங்கு போடலாம், பொண்ணுக்கு வாரிசா வந்தா மட்டும் ஆம்பள ஒருத்தர்கிட்ட குடுத்து தான் நடத்தணும். விவசாயிங்க தங்களோட கோதிய பிடிக்கலனா வேற கோதிகிட்ட மாறிக்கலாம் (சட்டப்படி சொல்றேன், பக்கத்துல இருக்கற பெரிய ஆள பகைச்சுக்க யாருக்கு தைரியம்). இதுல சர்ச்சுக்கு தசமபாகம்ங்கற சொத்து வரி கட்டும்போது இந்தப் பதவி கணக்குல வராது, அது அதிகாரம் தான் சொத்து இல்லன்னு சட்டத்துலயே விலக்கு! 1200கள்ல சில குடும்பங்க இந்தப் பதவிங்க மொத்தத்தையும் வளைச்சுப் போட்டு அடிச்சுக்கிட்டாங்க, 1258ல கிஸ்ஸுர் தோர்வால்ட்ஸன்ங்கற ஐஸ்லாந்து தலைவருக்கு நார்வே ராஜா யார்ல் பட்டம் குடுத்தார், 1264க்குள்ள நாடே நார்வே கைக்குப் போயிடுச்சு.