பலகை பிடித்த கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வழியில் மானாமதுரையில் வண்டியை நிறுத்தி ஒரு மீன்சட்டி வாங்கினோம். 250 சொன்னார், பேசி 180க்கு முடித்தோம். விற்ற பெரியவர் ஐந்தாவது தலைமுறைக் குயவராம். பேரன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டான் என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்குத்தான் மனசு கனத்துப் போனது. இத்தனை தலைமுறையாக வந்த கலை அவரோடு முடிந்துவிடுமா? பேரனுக்கு இதன் அருமையை யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதா?

பி.கு.: அடுப்பில் வைத்த முதல் நாளே சட்டியில் விரிசல் விட்டுவிட்டது. தப்பு எங்களுடையதா, அவருடையதா?

ச., கோவை

அன்புள்ள ச.,

பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். புதுச்சட்டியை வாங்கி வந்த கையோடு கேஸ் அடுப்பில் ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் வடிகஞ்சியை ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவைத்து, இப்படி இரண்டு மூன்று நாள் பழக்க வேண்டும். மண் முழுக்க நுண்துளைதான், கஞ்சிப்பசை அதில் இறங்கி அடைக்கும். விறகுத்தீ சட்டியின் உருண்டை அடியைச் சுற்றி அணைத்துக்கொண்டு எரியும், கேஸ் ஒரே இடத்தில் குத்தும். ஆகவே தப்பு பெரும்பாலும் உங்களுடையது.

பேரன் விஷயத்துக்கு வருவோம். அவனுக்கு அருமை தெரியாது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? சின்ன வயதில் மண் மிதித்திருப்பான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வனைந்தது காயாமல் வீட்டுக்குள் அடுக்கிக் கிடப்பதையும், அவசரப்பட்டுச் சூளையில் வைத்தால் வெடிப்பதையும் பார்த்திருப்பான். (அகல் விளக்கு கேட்டு எல்லோரும் வருவது கார்த்திகைக்கு, மழை வருவதும் அதே கார்த்திகையில்.) தலைமுறை தலைமுறையாக என்று நாம் உருகிச் சொல்கிறோம், வேளார் (குயவர்) வீட்டுப் பிள்ளை வேறு வேலைக்குப் போக வழியில்லாமல் இருந்ததும் அந்த வார்த்தைக்குள்தான் இருக்கிறது. தாத்தாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் இடத்தில் நமக்கு ஏன் துக்கம்? எனக்கு இது புரிவதே இல்லை.

ஆனால் உங்கள் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. பேரன் போனதை விட என்னை அரிப்பது வேறு ஒன்று. ஐந்து தலைமுறை என்று அவர் எண்ணியது யாரை? அப்பா, தாத்தா, அவருக்கு அப்பா. எல்லாம் சக்கரத்தில் உட்கார்ந்தவர்கள். சக்கரத்தில் பானை எழும்ப ஐந்து பத்து நிமிடம் போதும், வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுப்பதும் அதைத்தான். அப்போது பானைக்கு அடிப்பாகமே ஒழுங்காக இருக்காது, சுவரும் தடியாக இருக்கும். கொஞ்சம் உலர்ந்ததும் உள்ளே ஒரு உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடிச் சுவரை மெலிதாக்குவார்கள். மானாமதுரையில் பல வீடுகளில் இந்தத் தட்டு வேலை பெண்களுடையது.

அங்கே செய்யும் கடத்தை, அதாவது கச்சேரியில் வாசிக்கும் மண்பானையைப் பாருங்கள். கட வித்வான் விக்கு விநாயக்ராம் கையில் உலகம் சுற்றியது அந்த ஊர்க் கடம்தான். மிருதங்கம் மாதிரி வாரை இழுத்துச் சுருதி சேர்க்க முடியாது, சூளையில் வெந்து வந்தால் வந்த சுருதிதான். அந்தச் சுருதிக்கு வழி பண்ணுவது பலகை, ஒரு கடத்துக்கு ஆயிரக்கணக்கான தட்டு. இந்த வேலைக்காக அந்த ஊர் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. அபூர்வமாக ஒருவர் பெயர் வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நானும் ஒருமுறை அந்த ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பலகையைக் கேட்டு வாங்கினேன். நாலாவது தட்டிலேயே பானை ஒரு பக்கம் சப்பையாகிவிட்டது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே வாங்கி, "கண்ணை எடுங்க, காதை வைங்க" என்றார். தடியாக இருக்கும் இடம் ஒரு மாதிரி கேட்குமாம், மெலிந்த இடம் வேறு மாதிரி. எனக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டது. பேரன் போய்விட்டான் என்று வருந்துகிறோமே, அந்த அம்மாவிடம் இதைக் கற்றுக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்கார வைக்க யாராவது கூலி கொடுப்பார்களா என்று யோசிக்கிறோமா?

அப்புறம் மண். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லதுதான், ஆனால் குறியீடு கண்மாயில் இறங்கி மண் அள்ளித் தராது. குயவர்களும் விவசாயிகளும் வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாகக் களிமண், வண்டல் எடுத்துக்கொள்ளலாம் என்று 2024இல் அரசு விதியைத் தளர்த்தியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மண் இல்லாவிட்டால் பேரன் ஊரிலேயே இருந்தும் என்ன செய்வான்?

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். பேசிக் குறைத்த அந்த 70 ரூபாய். கலை அழிகிறதே என்று கேட்கும் கடிதத்திலேயே அதையும் எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்த முறை போனால் சட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து வாங்குங்கள். கணீரென்றால் நன்றாக வெந்தது. மொத்தென்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது. குழப்பமாக இருந்தால் பெரியவரைக் கேட்காதீர்கள், உள்ளே இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டுத் தட்டச் சொல்லுங்கள்.