கிரானைட் அறுக்கும் வேலைக்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலை மட்டும் கெடுப்பதில்லை. 1914-லேயே எடின்பரோ மருத்துவர் பைரம் பிராம்வெல், தோல் இறுகிப்போகும் ஸ்க்லிரோடெர்மா நோய் கல்தச்சர்களுக்கு வருவதைக் கவனித்து எழுதினார். முடக்குவாதம், உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் நோய் ஆகியவற்றோடும் சிலிக்காவுக்குத் தொடர்பு இருப்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

நுரையீரலுக்குள் போன சிலிக்காத் துகளை விழுங்கும் இரத்த வெள்ளணுவால் அதைச் செரிக்க முடியாது. அணு சிதைந்து சாகும்; வெளியே வந்த துகளை அடுத்த அணு விழுங்கும். இப்படி அழற்சி ஓயாமல் தொடரும்போது, சிதறிக் கிடக்கும் தன் அணுக்களின் பொருள்களையே உடல் எதிரியாகக் கருதத் தொடங்கலாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, மரபணுவுக்கும் பங்குண்டு. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் முடக்குவாத ஆபத்து இன்னும் அதிகம்.

முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது போதவே போதாது. தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும். காலையில் விரல் மூட்டுகள் இறுகினால், மருத்துவரிடம் உங்கள் வேலையையும் சொல்லுங்கள். பலர் அதைச் சொல்வதே இல்லை.