பார்சிலோனாவில் பஸ், மெட்ரோ, டாக்ஸி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

விடுமுறைக்கு ஸ்பெயின் போய் வந்தவர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. முக்கால்வாசி, பார்சிலோனாவில் ஊர் சுற்றச் செலவழித்த பணத்தைப் பற்றியவை. மிச்சம், பறிகொடுத்த பணத்தைப் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன். கட்டணங்கள் 2024-ஆம் ஆண்டுக் கணக்கு. அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்துப் பயணத்துக்கான டி-கஷுவல் அட்டை ஒன்று வாங்கினோம். ஆளுக்கு ஐந்து என்று கணக்கு. நான் கேட்டைத் தாண்டியதும் அட்டையைக் கணவரிடம் கொடுத்தேன். அவருக்கும் கேட் திறந்தது. வெளியே வரும்போது சோதனை. அவருக்கு 100 யூரோ அபராதம். அட்டையில் இரண்டு பயணம் கழிந்திருக்கிறதே, இது என்ன நியாயம்? (கோவை வாசகி)

நியாயம் இல்லைதான். ஆனால் விதி அவர்கள் பக்கம். டி-கஷுவல் ஓர் ஆளுக்கு மட்டும். முன்பு டி-10 என்று ஒன்று இருந்தது. அதைக் குடும்பமே கைமாற்றிக் கொள்ளலாம். 2020-இல் அதை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இன்னும் மாட்டிக்கொள்கிறார்கள். எனக்குக் கோபம் அந்தக் கேட் மீதுதான். அடுத்தடுத்த நொடியில் அதே அட்டைக்கு இரண்டு முறை காசைக் கழித்துக்கொண்டு கதவையும் திறந்துவிடுகிறது. அப்புறம் உள்ளே ஆளை நிறுத்திப் பிடிக்கிறார்கள்.

சேர்ந்து போகிறவர்கள் டி-ஃபமிலியார் வாங்குங்கள். 8 பயணம், 30 நாள், பலர் பகிர்ந்துகொள்ளலாம். தலைக்கு ஒருமுறை அட்டையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அபராதத்தை அங்கேயே கட்டினால் பாதியாகக் குறையும். உங்களிடம் யாராவது அதைச் சொன்னார்களா?

கேள்வி: தெருவெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகப் பைசிங் என்ற பொதுச் சைக்கிள்கள் நிற்கின்றனவே, நாமும் எடுக்கலாமா? (திருச்சி வாசகர்)

முடியாது. அது உள்ளூர்வாசிகளுக்கு.

கேள்வி: அதே டி-கஷுவல் விமான நிலைய மெட்ரோவில் வேலை செய்யவில்லை. மெஷின் கோளாறா? (பாரிஸ் வாசகர்)

கோளாறில்லை. விமான நிலையத்தின் இரண்டு மெட்ரோ நிலையங்களுக்கும் தனி டிக்கெட், 5.50 யூரோ. அதைக் கொடுத்து ஏறினாலும் அந்த 9-ஆம் லைன் நகர மையத்துக்குப் போகாது. தொராசாவிலோ கொல்பிளாங்கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி மாற வேண்டும்.

உங்கள் டி-கஷுவல் செல்லுபடியாகும் வழிகளும் இருக்கின்றன. பிளாசா எஸ்பான்யாவுக்குப் போகும் 46-ஆம் எண் பஸ் ஒன்று. இரண்டாம் முனையத்திலிருந்து போகும் ஆர்-2 நோர்த் ரயில் இன்னொன்று. முதல் முனையத்தில் இறங்கினால் இரண்டாவதுக்கு இலவச பஸ் உண்டு. இவற்றை யாரும் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்வதில்லை. செய்தால் 5.50 யூரோ டிக்கெட்டை யார் வாங்குவார்கள்?

கேள்வி: மூன்று நாள் தங்கப் போகிறோம். ‘ஓலா பார்சிலோனா’ 72 மணி நேர அட்டை வாங்கிவிட்டால் கவலையே இல்லை என்கிறார் டிராவல் ஏஜென்ட். வாங்கலாமா? (மதுரை வாசகி)

யாருக்குக் கவலை இல்லை, ஏஜென்டுக்கா?

இந்த ‘எவ்வளவு வேண்டுமானாலும் பயணம் செய்யலாம்’ சமாசாரத்தின் மேல் எனக்குத் தீராத பகை உண்டு. கணக்குப் போடுவோம், வாருங்கள். 72 மணி நேர அட்டை 25.50 யூரோ. பத்துப் பயண டி-கஷுவல் 12.15 யூரோ, அதாவது ஒரு பயணத்துக்கு 1.22 யூரோ கூட ஆகவில்லை. ஊருக்குள் சுற்ற மட்டும் என்றால், 25.50 யூரோவுக்கு ஈடாக நீங்கள் 21 பயணம் போக வேண்டும். நாளுக்கு ஏழு. ஏழு முறை மெட்ரோ ஏறி இறங்கினால் ஊரை எப்போது பார்ப்பது? அதோடு, 75 நிமிடத்துக்குள் மெட்ரோவிலிருந்து பஸ்ஸுக்கு மாறினால் டி-கஷுவலில் அது ஒரே பயணம்தான். கோதிக் பகுதி, போர்ன், ராம்ப்ளா, பார்சிலோனெட்டா கடற்கரை எல்லாம் நடை தூரம், நடந்தால்தான் அழகும்கூட.

‘அந்த அட்டையில் விமான நிலைய மெட்ரோவும் அடக்கம்’ என்பார் ஏஜென்ட். அடக்கம்தான். போக வர 11 யூரோ, கூட ஒரு டி-கஷுவல், மொத்தம் 23.15. அப்போதும் 25.50-க்குக் கீழேதான். 46-ஆம் எண் பஸ்ஸில் போனால் அந்த 11 யூரோவும் மிச்சம்.

அந்த 72 மணி நேரத்தில் நீங்கள் தூங்கும் நேரமும் அடங்கியிருக்கிறது. ஞாயிறு முதல் வியாழன் வரை மெட்ரோ நள்ளிரவோடு சரி. வெள்ளி இரவு இரண்டு மணி வரை. சனி இரவு மட்டும் விடிய விடிய ஓடும். ஓடாத மெட்ரோவுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள். தங்கும் இடம் ஊருக்கு வெளியே, நாளுக்கு எட்டுப் பத்து முறை ஏறி இறங்குவீர்கள், விமான நிலையத்துக்கும் மெட்ரோதான் என்றால் தாராளமாக வாங்குங்கள். மற்றவர்கள் வாங்குவது பயணத்தை அல்ல, கணக்குப் போடாமல் இருக்கும் சுகத்தை.

இவ்வளவு பேசுகிற நானும் அங்கே மாடி திறந்த சுற்றுலா பஸ்ஸுக்கு இரண்டு நாள் டிக்கெட் வாங்கியவன்தான். ஒரு நாள் டிக்கெட்டை விடக் ‘கொஞ்சம்தான்’ அதிகம் என்று கவுன்டரில் சொன்னார்கள். இரண்டாம் நாள் பஸ்ஸின் பக்கமே போகவில்லை.

கேள்வி: பார்சிலோனாவுக்கு மலிவு டிக்கெட் என்று வாங்கினோம். இறக்கிவிட்டது ஜிரோனாவில்! வழக்குப் போடலாமா? (லண்டன் வாசகர்)

டிக்கெட்டில் ஜிரோனா என்று இருந்ததா, இல்லையா? இருந்தது, நீங்களே படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் அது. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெயரைப் படிக்காமல் விலையை மட்டும் படித்தால் வக்கீல் என்ன செய்வார்?

கேள்வி: விமான நிலையத்துக்குள்ளேயே, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் ‘டாக்ஸி?’ என்று கேட்டார். அப்பாவுக்கு முட்டி வலி, நிற்க முடியாது. நம்பிப் போனோம். ஹோட்டலுக்கு 90 யூரோ வாங்கிவிட்டார், ரசீதும் இல்லை. (சேலம் வாசகி)

வயதானவரை வைத்துக்கொண்டு தவிப்பவர்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். உங்கள் மேல் தப்பில்லை. பணம் திரும்ப வருவது கஷ்டம். வண்டி எண் இல்லாமல் யாரிடம் போய்க் கேட்பது?

அடுத்து போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே டாக்ஸி என்றால் கறுப்பும் மஞ்சளும். வெளியே வரிசையில் நிற்கும், உங்களைத் தேடி உள்ளே வராது. மீட்டர் ஓடும், பகலில் நகர மையத்துக்கு 30 முதல் 40 யூரோவுக்குள் முடியும். மொத்தமாக இவ்வளவு என்ற நிர்ணயக் கட்டணம், விமான நிலையத்துக்கும் பெரிய பயணக் கப்பல்கள் நிற்கும் துறைக்கும் இடையில் உண்டு. ஹோட்டலுக்கு யாராவது அப்படிப் பேசினால் இறங்கிவிடுங்கள். ரசீது கேளுங்கள், உரிம எண் அதில் இருக்கும். அந்த எண் கையில் இருந்தால் மெட்ரோபாலிட்டன் டாக்ஸி கழகத்திடம் புகார் கொடுக்கலாம். டாக்ஸியில் கார்டும் வாங்குவார்கள்.

கேள்வி: ஏடிஎம்மில் ‘ரூபாயிலா, யூரோவிலா’ என்று கேட்கிறது. (ஓசூர் வாசகர்)

யூரோ. ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான்.

கேள்வி: தோளில் பறவை எச்சம் விழுந்திருக்கிறது என்று ஒருவர் டிஷ்யூ பேப்பரோடு துடைக்க வந்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பர்ஸ் இல்லை. பயணக் காப்பீட்டில் பணம் கேட்டால் ‘போலீஸ் அறிக்கை எங்கே’ என்கிறார்கள். (சென்னை வாசகர்)

எச்சம் இல்லை, அவர்களே தெளித்த ஏதோ குழம்பு. நன்றி வேறு சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் வளர்ப்பு அப்படி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போலீஸ் அறிக்கை இல்லாமல் காப்பீடு நகராது. அங்கே திருட்டுப் புகாரை எடுத்துக்கொள்வது மோஸோஸ் எனப்படும் கத்தலோனியப் போலீஸ். பழைய நகரத்துக்கான நிலையம் ராம்ப்ளாவுக்கு அருகில், நோவ் டி லா ராம்ப்ளா தெருவில் இருக்கிறது. ஊரை விட்டுக் கிளம்பும் முன் நகலை வாங்கியாக வேண்டும். இனி அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு, கார்டை முடக்கச் சொன்ன வங்கிப் பதிவையாவது இணைத்து எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். போனில் பேசிப் பயனில்லை.

கேள்வி: நான்கு நாளும் பார்சிலோனாவுக்குள்ளேயேதான். வாடகைக் கார் எடுத்தால் வசதியாக இருக்குமா? (ஈரோடு வாசகர்)

பார்க்கிங் கிடைத்தால் எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன். ஊரைத் தாண்டிப் போவதாக இருந்தால் அந்த நாளுக்கு மட்டும் எடுங்கள். இங்கே வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: மொஞ்சுயிக் மலைக்கு கேபிள் கார் எங்கள் மெட்ரோ டிக்கெட்டில் அடக்கம் என்று நினைத்து நால்வரும் வரிசையில் நின்றோம். தனியாகப் பணம் கேட்டார்கள். (புதுச்சேரி வாசகி)

அங்கே மலையேற மூன்று வண்டிகள் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். பாரலெல் நிலையத்திலிருந்து மேலே இழுத்துப் போகும் ஃபுனிகுலார் ரயில் மெட்ரோ டிக்கெட்டில் அடக்கம். அது விடும் இடத்திலிருந்து கோட்டைக்குப் போகும் கேபிள் காருக்குத் தனிக் காசு. பார்சிலோனெட்டாவிலிருந்து துறைமுகத்துக்கு மேலே தொங்கிக்கொண்டு வரும் 1931-ஆம் ஆண்டுப் பழைய கேபிள் கார் மூன்றாவது. அதற்கும் தனிக் காசு. ஃபுனிகுலாரில் ஏறி, கோட்டை வரை பஸ்ஸில் போய், இறங்கும்போது தோட்டங்கள் வழியாக நடந்து வாருங்கள். நால்வருக்கும் சேர்த்து மிச்சமாகும் காசில் கீழே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடலாம்.