துணைக்கு ஆள் இல்லாத வயசான காலம்: பெங்களூரு தமிழ் ஆளுங்க கேட்ட கேள்விகளும் என் பதிலும்

வணக்கம். நான் பேங்க்ல ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவ, கல்யாணம் பண்ணிக்கல, மல்லேஸ்வரத்துல தனியா இருக்கேன். புள்ளைங்க இல்லாதவங்க, இருந்தும் அமெரிக்கா கனடான்னு போயிட்டவங்க, புருஷன் போனப்புறம் ஒத்தையா நிக்கறவங்கன்னு நம்ம ஆளுங்கள்ல இப்ப நிறைய பேரு, அதனால கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுக்கு ஒவ்வொண்ணா எழுதறேன். எல்லாரும் முதல்ல பணம் எவ்வளவுன்னு தான் கேக்கறீங்க. எனக்கு அதைவிட பெரிய கவலை, உங்களுக்கு ஒண்ணுன்னா யாரு வருவாங்க, அந்த ஆள் பேரு பேப்பர்ல இருக்கா அப்படிங்கறது தான்.

கேள்வி (46 வயசு, ஒயிட்ஃபீல்டு, ஐடி வேலை): அக்கா, நான் சிங்கிள். ரிட்டயர் ஆக எவ்வளவு பணம் இருந்தா போதும்?

தம்பி, ஒரு கோடி ரெண்டு கோடின்னு வாய்க்கு வந்தத சொல்ல மாட்டேன். இப்ப மாசம் 40,000 செலவாகுதுன்னா வருஷம் 6 சதவீதம் விலை ஏறினாலே உனக்கு 60 வரும்போது அதே வாழ்க்கைக்கு சுமார் 90,000 வேணும், அங்கிருந்து கணக்கு போடு. வீட்டுல ஆள் வச்சு பாத்துக்கற செலவ தனியா எழுது, ஏன்னா குடும்பம் இருக்கறவங்களுக்கு அது இலவசமா நடக்குது, நமக்கு அது சம்பளம். 60 ஆனதும் சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்ல 30 லட்சம் வரைக்கும் போடலாம், மூணு மாசத்துக்கு ஒருதடவை வட்டி அக்கவுண்ட்டுக்கே வந்துடும்.

அப்புறம் அரை பர்சென்ட் வட்டி கூட கிடைக்குதுன்னு மொத்தத்தையும் ஒரே சின்ன பேங்க்ல கொட்டாத. டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு பேங்க்குக்கு ஒரு ஆளுக்கு 5 லட்சம் தான். 2020 ஜனவரில பசவனகுடி பக்கம் ஒரு கோ-ஆபரேட்டிவ் பேங்க் மேல ரிசர்வ் பேங்க் தடை போட்டு 35,000-க்கு மேல எடுக்க முடியாதுன்னப்போ வாசல்ல நின்னவங்கள்ல பாதிக்கு மேல தலை நரைச்சவங்க, டிவில பாத்திருப்ப.

கேள்வி (61, அல்சூர்): புருஷன் தவறிட்டார், குழந்தைங்க இல்ல. வீடு என் சம்பளத்துல வாங்கினது, என் பேர்ல தான் இருக்கு. எனக்கப்புறம் என் தங்கச்சிக்கு தானே போகும், உயில் எதுக்கு?

போகாதுங்க. இத நான் பாக்கற எல்லா பொம்பளைங்களுக்கும் சொல்லிட்டு இருக்கேன். 1956 இந்து வாரிசு சட்டம் 15-வது பிரிவுல, புருஷன் தவறிப் போய், புள்ளைங்களும் இல்லாத பொம்பள உயில் எழுதாம போயிட்டா அவ சொத்து புருஷனோட வாரிசுங்களுக்கு போகும். அம்மா அப்பா வழியில வந்த சொத்து மட்டும் தான் அப்பா பக்கத்து வாரிசுக்கு திரும்பும். நீங்க சம்பாதிச்சு வாங்கினது உங்க கொழுந்தனார் வீட்டுக்கு. மாமியார் வீட்டுல துரத்தி விட்டு, பொறந்த வீட்டுல இருந்து படிச்சு வேலை பாத்து சேத்து வச்ச ஒரு அம்மாவோட பணமே புருஷன் வீட்டு ஆளுங்களுக்கு தான்னு 2009-ல சுப்ரீம் கோர்ட்ல தீர்ப்பு வந்தது, படிச்சா வயிறு எரியும்.

அதனால இந்த வாரமே எழுதுங்க. ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வெள்ளத் தாள் போதும், ரெண்டு சாட்சி கண்டிப்பா வேணும், சொத்து வாங்கப் போற தங்கச்சிய சாட்சியா போடாதீங்க. ரிஜிஸ்தர் பண்றது கட்டாயம் இல்ல, ஆனா உங்க விஷயத்துல சண்டை வர வாய்ப்பு இருக்கு, அதனால சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ்ல பண்ணிடுங்க, கூடவே புத்தி தெளிவா இருக்குன்னு டாக்டர் கிட்ட ஒரு சர்டிபிகேட். எக்சிக்யூட்டரா, அதாவது உயில்ல எழுதினபடி நடத்தி வைக்கற ஆளா, உங்களவிட வயசு கம்மியானவங்கள போடுங்க, நிறைய பேர் தன் வயசு ஃப்ரெண்ட போடறாங்க.

கேள்வி (அதே அம்மா): தங்கச்சிய பேங்க்ல நாமினியா போட்டிருக்கேனே, அது போதாதா?

போதாதும்மா. நாமினி பணத்த வாங்கி வச்சுக்கற ஆள், சொந்தக்காரர் இல்ல. சட்டப்படி வாரிசு வந்து கேட்டா கொடுத்தாகணும். நாமினியும் இருக்கட்டும், உயிலும் இருக்கட்டும், ரெண்டுலயும் ஒரே பேரு இருக்கட்டும்.

கேள்வி (72, ஜெயநகர்): மேடம், வீட்ட இப்பவே எழுதிக் கொடுத்தா கடைசி வரைக்கும் பாத்துக்கறேன்னு அண்ணன் பையன் சொல்றான். நல்ல பையன் தான்.

சார், நல்ல பையனாவே இருக்கட்டும், இப்ப எழுதாதீங்க. உயில்ல எழுதுங்க, உயில எப்ப வேணா மாத்தலாம், இப்பவே எழுதிக் கொடுக்கற தான பத்திரம் (கிஃப்ட் டீடு) அப்படி இல்ல. எழுதியே ஆகணும்னா, என்னை பாத்துக்கணும், பாக்கலைன்னா இது செல்லாதுன்னு பத்திரத்துலயே வரி வரியா இருக்கணும். 2007-ல வந்த சீனியர் சிட்டிசன் சட்டம் 23-வது பிரிவுல, அந்த நிபந்தனைய மீறினா உதவி கமிஷனர் தலைமையில இருக்கற ட்ரிப்யூனல்ல போய் பத்திரத்த ரத்து பண்ண கேக்கலாம். நிபந்தனை எழுதாம வாய்வார்த்தைய நம்பி போனவங்க கேஸ் தான் இழுத்துக்கிட்டே கிடக்கு. பையன் கிட்ட இந்த வரிய காட்டுங்க, நல்ல பையனா இருந்தா கோவிச்சுக்க மாட்டான்.

கேள்வி (58, பனசங்கரி): ராத்திரில எனக்கு ஏதாவது ஆனா ஆஸ்பத்திரில யாரு கையெழுத்து போடுவாங்க? இத நெனச்சா தூக்கமே வரல அக்கா.

இந்த பயம் எனக்கும் உண்டும்மா. நம்ம ஊர் ஆஸ்பத்திரில அட்மிஷன் கவுண்டர்ல பேருக்கு அடுத்து கேக்கறதே அட்டெண்டர், அதாவது கூட இருந்து பாத்துக்கற ஆள், யாருன்னு தான். முதல்ல சட்டம் தெரிஞ்சுக்கோங்க, நினைவோட இருக்கற பெரியவங்களுக்கு அவங்க கையெழுத்தே போதும், சொந்தக்காரங்க வரணும்னு இல்ல, எமர்ஜென்சின்னா எந்த ஆஸ்பத்திரியும் உயிர் காக்கற சிகிச்சைய தள்ளிப் போடக்கூடாதுன்னு 1989-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஆனா நினைவு இல்லாம போனா? அதுக்கு தான் லிவிங் வில், அதாவது நினைவு இல்லாம போனா என்ன சிகிச்சை வேணும், வேண்டாம்னு முன்னாடியே எழுதி வைக்கற தாள். 2018-ல அனுமதி வந்தது, 2023 ஜனவரில எளிசாக்கிட்டாங்க, இப்ப ரெண்டு சாட்சி வச்சு நோட்டரி கிட்ட போனா போதும். வென்டிலேட்டர் வேணுமா வேண்டாமா, உங்களுக்காக யாரு முடிவு சொல்லணும்னு அதுல எழுதலாம், ஒரு பேருக்கு மேலயும் போடலாம். கர்நாடகா அரசு 2025 ஜனவரில இத நடைமுறைப்படுத்த ஆர்டர் போட்டிருக்கு.

எங்க அபார்ட்மெண்ட்ல தனியா இருக்கற மூணு பேர் சேந்து ஒரு ஏற்பாடு வச்சிருக்கோம். ஒவ்வொருத்தர் ஃப்ரிட்ஜ் கதவுலயும் ஒரு தாள், ரத்த வகை, மாத்திரை பேரு, அலர்ஜி, இன்சூரன்ஸ் நம்பர், அட்டெண்டரா வரப் போற ரெண்டு பேரோட போன் நம்பர். சாவி பக்கத்து வீட்டுல. காலைல கதவுல மாட்டின பையில நந்தினி பால் பாக்கெட் எட்டு மணிக்கும் அப்படியே இருந்தா மேல் வீட்டு அம்மா பெல் அடிப்பாங்க, திறக்கலைன்னா சாவி போட்டு உள்ள வருவாங்க. போன வருஷம் எங்கள்ல ஒருத்தங்க பாத்ரூம்ல விழுந்து கிடந்தத அப்படித் தான் கண்டுபிடிச்சோம், இப்ப நல்லா நடக்கறாங்க.

கேள்வி (64, ஹெப்பால்): கோயம்புத்தூர் பக்கம் ரிட்டயர்மெண்ட் ஹோம் பாக்கறோம், நானும் என் வீட்டுக்காரரும். என்ன கேக்கணும்?

சமையல் எப்படி, கோயில் பக்கமான்னு கேட்டுட்டு வந்துடாதீங்க. படுத்த படுக்கையா ஆனா வச்சுக்குவீங்களா, ஞாபக மறதி நோய் வந்தா வெளிய அனுப்புவீங்களா, டெபாசிட் எத்தன மாசத்துல திரும்பும், மெயின்டனன்ஸ் வருஷத்துக்கு எவ்வளவு ஏத்துவீங்க, ஒருத்தர் போயிட்டா இன்னொருத்தர் அதே வீட்டுல இருக்கலாமா, எல்லாம் அக்ரிமெண்ட்ல காட்ட சொல்லுங்க. வாங்கறதா இருந்தா ரெரா (வீடு கட்டி விக்கறவங்கள கண்காணிக்கற அரசு அமைப்பு) ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கான்னு பாருங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி கெஸ்ட்டா பத்து நாள் தங்குங்க, அங்க இருக்கற பெரியவங்க கிட்ட ஆபீஸ் ஆளுங்க இல்லாத நேரமா பேசுங்க.

கேள்வி (52, மர்ஃபி டவுன், மகள் கிட்ட சொல்லி டைப் பண்ணி அனுப்பின ஒரு அம்மா): நாலு வீட்டுல வேலை பாக்கறேன், புருஷன் விட்டுட்டு போயிட்டான், சேமிப்பு எதுவும் இல்ல. நீங்க சொல்றதெல்லாம் பணக்காரங்களுக்கு தானே?

இல்லம்மா, உங்களுக்கும் வழி இருக்கு. ரேஷன் கார்டுல குடும்பத் தலைவியா உங்க பேரு இருக்கான்னு பாருங்க, இருந்தா கர்நாடகா அரசோட க்ருஹலட்சுமி திட்டத்துல மாசம் 2,000. அதுல 500 மட்டும் போஸ்ட் ஆபீஸ் ஆர்டில (மாசாமாசம் கட்டற சேமிப்பு) போட்டு வாங்க. 65 ஆனதும் அரசோட சந்தியா சுரக்ஷா முதியோர் பென்ஷன், அதுக்கு வயசு ப்ரூஃப் தான் பெரிய தலைவலி, ஆதார்ல பிறந்த தேதி தப்பா இருந்தா இப்பவே திருத்துங்க, 65-ல ஓடினா கஷ்டம். நீங்க வேலை பாக்கற நாலு வீட்டுலயும் யாராவது ஒருத்தங்க ஃபார்ம் எழுதிக் கொடுப்பாங்க, வெக்கப்படாம கேளுங்க. 60 தாண்டினப்புறம் எந்த சந்தேகம்னாலும், யாராவது கொடுமை பண்ணினாலும் பெரியவங்களுக்கான உதவி நம்பர் 14567-க்கு போன் அடிங்க, காசு கிடையாது.