அப்பா கழுத்தில் எதற்குத் துண்டு?

கேள்வி: பதினோரு வருடமாகக் கல்யாண போட்டோகிராபராக இருக்கிறேன். கேனன் 5டி மார்க் 4 இரண்டு இருக்கிறது, ஒன்றில் 24-70 லென்ஸ், இன்னொன்றில் 70-200 எஃப் 2.8. இன்னமும் கேமராவோடு வந்த பெல்ட்தான். ஒரு முகூர்த்தம் முடிந்தால் பிடரி எரிகிறது, தோள்பட்டை இறுகிப்போகிறது. மூவாயிரம் ரூபாய்க்குள் எந்த பெல்ட் வாங்கலாம்? ரப்பர் மாதிரியான நியோபிரீனா, தோலா, குறுக்கே போடும் ஸ்லிங்கா? எனக்கு ஒன்று போதும். 70-200 போட்ட கேமராவை அப்பாதான் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். 66 வயது, முன்பு ஸ்டுடியோ வைத்திருந்தவர். பெல்ட்டுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்வார், ஒன்றும் சொல்ல மாட்டார். பழைய 700டி கேமராவும் ஒரு 50 எம்எம் லென்ஸும் பீரோவில் கிடக்கிறது, அதற்கு பெல்ட் தேவையில்லை.
பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: தம்பி, கழுத்துவலிக் கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது, எந்த பெல்ட் என்ற கேள்வியும் அதே கேள்விதான். உங்கள் கடிதத்தை நான் திரும்பப் படித்தது பெல்ட்டுக்காக இல்லை, அந்தத் துண்டுக்காக.

ஒன்றும் சொல்ல மாட்டார் என்று எழுதுகிறீர்கள். மண்டபத்துக்குள் நிற்கிற மனிதர் எதற்காகக் கழுத்தில் துண்டை மடித்து வைக்கிறார்? வெயிலா அடிக்கிறது அங்கே? உங்கள் பிடரியை எரிக்கிற அதே பட்டைதான் அவர் பிடரியிலும் கிடக்கிறது. உங்களுக்கு எரிந்ததும் எனக்குக் கடிதம் எழுதினீர்கள், அவருக்கு எரிந்ததும் அவர் துண்டைத் தேடினார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "எனக்கு ஒன்று போதும்" என்று எப்படி எழுத வந்தது?

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். பேட்டரியோடு உங்கள் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, ஒன்று 890 கிராம். 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு என்றால் 805 கிராம், ஆக உங்கள் கழுத்தில் 1.7 கிலோ. 70-200 மட்டுமே ஒன்றரை கிலோவை ஒட்டி வரும், ஆக அப்பா கழுத்தில் ஏறக்குறைய 2.4 கிலோ. பாரமான கேமரா 66 வயசுக்காரரிடம், லேசான கேமரா உங்களிடம். அதுவும் படம் எடுக்கிற நீங்களாவது அடிக்கடி கேமராவைக் கையில் தூக்கிவிடுகிறீர்கள், கழுத்துக்கு அந்த நேரம் ஓய்வு. அவர் சும்மா தாங்கிக்கொண்டு நிற்கிறார், சாயங்கால ரிசப்ஷனிலிருந்து மறுநாள் விடிகாலை முகூர்த்தம் வரைக்கும். பெற்ற அப்பா என்ன, லைட் ஸ்டாண்டா?

"அந்தக் காலத்தில் நாங்கள் தூக்காததா" என்று அவரே சொல்வார், நம்பாதீர்கள். அந்தக் காலத்து நிகான் எஃப்எம் 2 வெறும் 540 கிராம், 50 எம்எம் லென்ஸ் போட்டாலும் முக்கால் கிலோவை ஒட்டித்தான் வரும். தவிர அவருக்கு அப்போது முப்பது வயசு.

அவரை வீட்டில் உட்கார வையுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். தொழில் தெரிந்த மனிதரை ஓய்வெடுங்கள் என்று நாற்காலியில் உட்கார்த்துவது அவரைச் சீக்கிரம் கிழவராக்குகிற வேலை. அவர் மண்டபத்துக்கு வரட்டும், ஆனால் படம் எடுக்கட்டும். பீரோவில் கிடக்கிற 700டி 580 கிராம்தான், அந்த 50 எம்எம் கேனனின் எஸ்டிஎம் வகை லென்ஸாக இருந்தால் இன்னொரு 160 கிராம். மொத்தம் அவருடைய பழைய கேமராவின் எடைதான். அதை அவர் கையில் கொடுத்து, மணமேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை எடுக்கச் சொல்லுங்கள். பாட்டிமார்களை எந்த நேரத்தில் எடுக்கவேண்டும் என்று உங்களைவிட அவருக்குத் தெரியும்.

அப்போது அந்த 700டிக்குத்தான் முதல் பெல்ட். லேசான கேமரா என்பதால் அகலமான மெத்தைப் பட்டை வைத்த சாதாரண ஸ்லிங் போதும், குறுக்கே போட்டுக்கொள்ளட்டும். ஒரே தோளில் தொங்கவிட வேண்டாம், நழுவாமல் இருக்க ஆள் தன்னையறியாமல் தோளைத் தூக்கியே வைத்திருப்பார், சாயங்காலம் அதுதான் வலிக்கும்.

சரி, உங்களுக்கு. மாலை மாதிரி கழுத்தில் போடுகிற எந்த பெல்ட்டும் வேண்டாம், தோலானாலும் நியோபிரீனானாலும். எடை முன்னால் தொங்குகிறவரை பின்கழுத்துத் தசை அதை இழுத்துப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். நியோபிரீன் இழுபடும், அதனால் கடையில் மாட்டிப் பார்க்கும்போது லேசாகத் தெரியும், ஆனால் பெரிய லென்ஸோடு நடந்தால் குதிக்கும், வியர்வையில் புழுங்கும். புதுத் தோல் விறைப்பு, வியர்வை பட்டால் சில தோல்களின் சாயம் வெள்ளைச் சட்டையில் இறங்கிவிடும். இனி இரண்டு கேமராவையும் நீங்களேதான் சுமக்கப் போகிறீர்கள், பிளாஷ் இல்லாமலேயே நாலு கிலோவைத் தாண்டும், அதனால் இரண்டு தோளிலும் எடையைப் பிரிக்கிற இரட்டை ஹார்னஸ் வாங்குங்கள். நைலான் பட்டை போதும், விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், கூராக இருந்தால் வேண்டாம். தாலி கட்டு, ஊர்வலம் மாதிரி ஓட்டமான நேரத்துக்கு மட்டும் இரண்டும் உடம்பில், மற்ற நேரம் ஒன்று பைக்குள். மூவாயிரத்தில் இரண்டு பேருக்கும் வராவிட்டால் ஹார்னஸை அடுத்த மாதம் வாங்குங்கள். அப்பாவுடையதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு விரல் மரத்துப்போனால், பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிராமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

70-200 போட்ட கேமராவை லென்ஸின் காலில், அதாவது டிரைபாடில் பொருத்த லென்ஸுக்கு அடியில் இருக்கிற பிடியில் மாட்டுங்கள், பாடிக்கு அடியில் மாட்டினால் முன்பாரம் லென்ஸ் பொருந்துகிற மவுண்டை இழுக்கும். டிரைபாட் ஓட்டையில் முறுக்குகிற கால் அங்குலத் திருகு நடக்க நடக்கத் தளரும், சாப்பிடப் போகும்போதெல்லாம் ஒருதரம் முறுக்கிப் பாருங்கள், கூடவே ஒரு காப்புக் கயிறு கேமராவின் பெல்ட் வளையத்தில் இருக்கட்டும். இடுப்போரம் தொங்குகிற லென்ஸ் மண்டபத்தில் ஓடுகிற குழந்தைகளின் தலை உயரத்தில்தான் இருக்கும், குனியும்போது ஒரு கை அதன்மேல் இருக்கவேண்டும்.

அப்பாவின் பெல்ட் வந்ததும் நீங்களே அளவு வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அவரைக் கண்ணாடி முன்னால் நிற்கச் சொல்லி, கேமரா இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் வரும்படி அவரே நீளத்தைச் சரிசெய்யட்டும், நாலைந்து தரம் கண்ணுக்குத் தூக்கி இறக்கட்டும், சட்டை காலரில் சிக்குகிறதா என்று பாருங்கள். பக்கிளுக்குள் பட்டையின் நுனியைத் திருப்பிக் கோத்து, கட்டில் மெத்தைக்கு மேலே பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். மண்டபத்தில் அவர் மறுபடி துண்டை மடித்து வைத்தால் பெல்ட் சரியில்லை என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள்.