தங்கத் தகடும் கைவண்டியும்

அன்புள்ள ஐயா,

என்னோடு வேலை செய்யும் ஒருவர் மார்மன். தேர்ந்த பொறியாளர். மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் மண்ணுக்கடியிலிருந்து தங்கத் தகடுகளை எடுத்து, மார்மன் நூல் என்ற வேதத்தை மொழிபெயர்த்தார் என்று மனதார நம்புகிறார். படித்தவர் எப்படி இதை நம்புகிறார்? இவர்கள் கிறிஸ்தவர்கள்தானா?

க., டெக்சாஸ்

அன்புள்ள க.,

தங்கள் சபைக்கு இயேசு கிறிஸ்துவின் பெயரையே வைத்திருப்பவர்களிடம் சான்றிதழ் கேட்க நாம் யார்? தகடுகளைப் பற்றியும் நான் வாதாடப் போவதில்லை. நம் புராணங்கள் பழையவை, அதனால் நமக்கு உறுத்துவதில்லை. மார்மன் நூல் 1830இல் அச்சேறியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் 'படித்தவர்' என்ற சொல்லில் இருக்கும் ஏளனம் என்னைச் சுட்டது. சில நாட்களாக 1856ஆம் வருடத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் மார்மன் கோயில் வளாகத்தில் ஒரு சிலை உண்டு. அப்பா கைவண்டி இழுக்கிறார், குழந்தை வண்டியில் உட்கார்ந்திருக்கிறது. ஒருமுறை அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். அந்த வருடம் இங்கிலாந்திலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் வந்த ஏழை மார்மன்களின் நினைவாக வைத்த சிலை அது. மாட்டுவண்டிக்குக் காசில்லை. ஆளுக்கு 17 பவுண்டு சாமானோடு, அயோவா சிட்டியிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்குச் சுமார் 2,000 கிலோமீட்டர் நடந்தார்கள். வில்லி, மார்ட்டின் என்ற இரண்டு குழுக்கள் தாமதமாகக் கிளம்பின. காயாத மரத்தில் செய்த வண்டிகள் வழியிலேயே உடைந்தன. அக்டோபரில் வயோமிங்கில் பனி பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய ஆயிரம் பேரில் 200க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

இவர்கள் இன்னும் வழியில்தான் இருக்கிறார்கள் என்று சால்ட் லேக் சிட்டிக்குச் செய்தி வந்த மறுநாள், மாநாட்டில் சபைத் தலைவர் பிரிகாம் யங் வேறெதையும் பேசவில்லை. போய் அவர்களைக் கூட்டி வாருங்கள், இதைச் செய்யாவிட்டால் உங்கள் மதம் உங்களில் ஒருவரையும் காப்பாற்றாது என்றார். இரண்டே நாளில் மாவு மூட்டைகளோடு முதல் வண்டிகள் கிளம்பிவிட்டன. எனக்கு இதுதான் அவர்களுடைய வேதம்.

யூட்டா பாலைவனத்துக்கு மார்மன்கள் ஆசைப்பட்டா போனார்கள்? மார்மன்களை ஒழிக்க வேண்டும், இல்லையென்றால் மாநிலத்தைவிட்டுத் துரத்த வேண்டும் என்று 1838இல் மிசௌரி ஆளுநர் எழுத்திலேயே ஆணையிட்டார். மூன்றே நாளில் ஹான்ஸ் மில்லில் 17 பேரைக் கொன்றார்கள். அந்த ஆணையை முறைப்படி ரத்து செய்தது 1976இல். ஸ்மித்தைச் சிறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள்.

விமர்சிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. 1857இல் மவுண்டன் மெடோஸில் மார்மன் படையினர் சுமார் 120 பயணிகளைக் கொன்றார்கள். கறுப்பினத்தாருக்கு 1978 வரை குருத்துவம் தரவில்லை. அதைக் கேளுங்கள், உங்கள் பக்கம் நானும் நிற்பேன். நீங்களோ அதையெல்லாம் விட்டுவிட்டுத் தகட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். சிரிப்பதற்கு அதுதானே வசதி!

சரி, ஒன்று செய்யுங்கள். நாளை சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் வீட்டு முன்னோர்களில் வண்டி இழுத்து வந்தவர் யாராவது உண்டா என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.