கனடாவின் வான்கூவரில் சீனர் பேட்டை இருக்கும்போது ஜப்பானியர் பேட்டை ஏன் இல்லை?

இருந்தது, பவல் தெருவில். 1907 செப்டம்பரில் ஆசியர் எதிர்ப்புக் கும்பல் கல்லெறிந்துகொண்டு வந்தபோது எதிர்த்து நின்று விரட்டிய தெரு அது. ‘அவர்கள் குறைவாகத்தான் வந்தார்களோ?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வந்தார்கள், பிடுங்கி எறியப்பட்டார்கள்.

என் தாத்தாவின் அண்ணனை மலாயாத் தோட்டத்திலிருந்து இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய ராணுவம் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனது. அவர் திரும்பவில்லை. ஆகவே ‘ஜப்பான்காரனுக்குப் பரிந்து பேசுகிறாயா?’ என்று யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். 1996இல் வான்கூவருக்குத் தெற்கே, ஃபிரேசர் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் ஸ்டீவ்ஸ்டனில் மீன் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது, பக்கத்து மேசை ஜப்பானிய அம்மாவிடம் ஒரு மாதம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள், ‘ஜப்பானிலிருந்து எப்போது வந்தீர்கள்?’ என்று வெடுக்கென்று கேட்டேன்.

‘நான் ஜப்பானைப் பார்த்ததே இல்லை. இந்த ஆற்றங்கரையில்தான் பிறந்தேன்’ என்றார்.

அவருடைய தாத்தா ஜப்பானின் வாகயாமா மாவட்டத்து மியோ கிராமத்திலிருந்து ஃபிரேசர் ஆற்றுக்குச் சால்மன் பிடிக்க வந்தவர். ஸ்டீவ்ஸ்டனில் பாதிப்பேருக்கு அதுதான் பூர்வீகம் என்று சொல்வார். ஜப்பானோடு போர் மூண்டதும், 1942இல் மேற்குக் கடற்கரையிலிருந்து 100 மைலுக்குள் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரையும் அரசு அகற்றியது. ஏறத்தாழ 22,000 பேர்; பெரும்பாலோர் கனடாவில் பிறந்தவர்கள். பறிக்கப்பட்ட சுமார் 1,200 படகுகளில் அவர் அப்பாவின் படகும் ஒன்று. அப்போது ஏழு வயதுப் பிள்ளையான அவரை வான்கூவரின் ஹேஸ்டிங்ஸ் பூங்காவில், கால்நடைக் கண்காட்சிக்காகக் கட்டிய தொழுவத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். அந்தச் சாண வாடையைப் பற்றிச் சொல்லும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நானும் வைத்துவிட்டேன்.

பிறகு மலைகளுக்கு உள்ளே ஸ்லோகன் பள்ளத்தாக்கு முகாம். வீட்டை அரசே விற்று, அந்தப் பணத்தை முகாமில் அவர்கள் சாப்பிட்ட செலவில் கழித்துக்கொண்டது. போர் முடிந்த பிறகும் 1949 ஏப்ரல் வரை கடற்கரைக்குத் திரும்ப அனுமதியில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, வீடும் கடையும் அடுத்தவர் கையில் இருக்கும்போது பவல் தெருவுக்கு எதை நம்பித் திரும்புவது? மீன்பிடிக் குடும்பங்கள் சில ஸ்டீவ்ஸ்டனுக்கு வந்தன. பேட்டை வரவில்லை.

1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 21,000 டாலர் கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் தாத்தாவின் அண்ணன் மனைவியான எங்கள் பெரிய பாட்டி சாகும்வரை ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தார். தோட்டத்தில் விசாரித்தால் பெயர்ப்பதிவேடே இல்லை என்றார்கள். அவர் கணவர் எந்த ஊரில், எந்த மாதம் செத்தார் என்று இன்றுவரை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. திதி கொடுக்க எங்களுக்கு நாள் இல்லை.